கடவுச்சொல்லும் கடைவாய்ப் பல்லும்

ஊசியைப் போட்டு முடித்து, "நல்லா மரக்கட்டும்மா, இப்ப வந்துருதேன்" என்று டாக்டர் அருள்நம்பி பக்கத்து அறைக்குப் போய்விட, அமலோற்பவம் சாய்நாற்காலியில் மல்லாந்தபடி தன் கீழுதடு தன்னை விட்டுப் போவதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஓரம் போயிற்று, பிறகு நடு, பிறகு தாடையில் பாதி. விரலால் தொட்டுப் பார்த்தால் யாரோ ஒருவருடைய உதட்டைத் தொடுவதுபோல, அதுவும் நல்ல தடித்த ஆளுடைய உதட்டை. சிரிப்பு வந்தது. சிரிப்பும் பாதி முகத்துக்குத்தான் வந்தது. தூத்துக்குடி வெயில் ஜன்னல் திரையை மீறி உள்ளே வர முயன்றுகொண்டிருந்தது, மேலே வட்ட விளக்கு இன்னும் அணைந்தே இருந்தது, அதன் கண்ணாடியில் அவள் முகம் வாணலியில் தெரிவதுபோல அகலமாகத் தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை, ஊரில் எல்லாரும் செய்துகொள்வதுதான். ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டதைச் சனிக்கிழமை பார்த்து முடிக்கிறோம், அந்த மட்டும் நல்லது. வெளியே காத்திருந்த நேரத்தில் அந்த மெயில் வேலையையும் முடித்தாயிற்று, செல்போன் உயிரை விடுவதற்குள் முடித்தாயிற்று, சிவப்புக் கோடாக இருந்த பேட்டரியில் ஒரு வேலையைச் சாதித்துவிட்டோம் என்ற திருப்தி இன்னும் நெஞ்சில் இளஞ்சூடாக இருந்தது. மெயில் பெட்டி நிறைந்துவிட்டதாம், உறுதிசெய்யாவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பழையதையெல்லாம் அழித்துவிடுவானாம். என்ன ஒரு அவசரம் இவர்களுக்கு. அவசரம் என்ற சொல் மனசில் வந்ததும் எங்கோ சின்னதாக முள் குத்தியது. பல்லில் இல்லை, பல் மரத்துவிட்டது. அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள். யார் சொன்னது இதை? நல்ல தெளிவான குரல், கொஞ்சம் கண்டிப்பான குரல், மைக் இல்லாமலே பின்வரிசை வரை கேட்கும் குரல். அவள் குரல்தான்.

செவ்வாய்க்கிழமை அவள்தான் பேசினாள். உப்பு ஏற்றுமதிக் கம்பெனியில் அலுவலகக் கண்காணிப்பாளர் என்றால் இந்தச் சுமையெல்லாம் தலையில்தான் விழும். மெயிலில் வரும் மோசடி பற்றி ஊழியர்களுக்கு யாராவது வகுப்பெடுக்க வேண்டும் என்று முதலாளி சொல்ல, அமலோற்பவம் மேடம் எடுக்கட்டும் என்று எல்லாரும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் தயார் செய்தாள். வீட்டில் புருஷன் செபஸ்தியானை நாற்காலியில் உட்காரவைத்து அவர் முன்னால் ஒத்திகை பார்த்தாள். அவர் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டார், நடுநடுவே "சரிங்க டீச்சர்" என்றார். வங்கிக்காரன் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவான், திருடன் அன்புள்ள பயனாளரே என்று கூப்பிடுவான். பயமுறுத்துவான். கெடு வைப்பான். முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்க, ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து நிற்கும். மெயிலில் நீலக் கோடு போட்டிருக்கும் இணைப்பை அமுக்காதீங்க, நேரா நீங்களே அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்க. கடைசியில் வடையும் டீயும். சரக்குப் பிரிவு ஞானதுரை எழுந்து, "மேடம், உங்களுக்கு இப்படி வந்திருக்கா?" என்று கேட்க, "வந்திருக்கு. நான் அமுக்குவேனா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அமுக்குவேனா. அன்புள்ள பயனாளரே. இன்றைக்கு வந்த மெயில் எப்படித் தொடங்கியது? கண்ணை மூடினாள். பேர் இருந்ததா? அன்புள்ள அமலோற்பவம் என்றா? இல்லை, அவள் பேரைச் சரியாக எழுதுகிறவன் அரசாங்கத்திலேயே கிடையாது, ரேஷன் கார்டில் அமலர்பவம், ஓட்டு அட்டையில் அமலோபவம். ஒரு மெயிலில் அது சரியாக இருந்திருந்தால் அப்போதே ஆச்சரியப்பட்டிருப்பாள். ஆச்சரியப்படவில்லை. அப்படியானால் பேர் இல்லை. அப்படியானால் பயனாளர்தான்.

சே, இருக்காது. அந்தப் படம் இருந்ததே, மெயில் கம்பெனியின் அந்தக் கலர்ப் படம். படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம் என்று செவ்வாய்க்கிழமை சொன்னவளும் அவளே. சரி, முகவரி? மெயில் என்ற சொல் அதில் இருந்தது, அதைப் பார்த்தாள், நன்றாகப் பார்த்தாள், ஆனால் கண்ணாடி பையில் இருந்தது. கண்ணாடி போடாமல் பார்த்தாள். இப்போது மூடிய கண்ணுக்குள் அந்த வரி பெரிதாகிப் பெரிதாகி வந்து நின்றது; எம் என்று அவள் எடுத்துக்கொண்ட எழுத்து கொஞ்சம் அகலமாக, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளியோடு இருந்தது. அது எம் இல்லை. ஆர், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் தோளோடு தோள் ஒட்டி நின்று எம் மாதிரி பாவனை காட்டிக்கொண்டிருந்தன. கள்ளப் பயல்கள். கை தானாகச் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டது. இருந்தாலும் அவன் கடவுச்சொல் கேட்டான், கொடுத்தோம், தவறு என்றான், மறுபடி நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகக் கொடுத்தோம், அப்புறம் வெள்ளைப் பக்கம் வந்தது. வெறும் வெள்ளை. நிஜமாக இருந்தால் மெயில் பெட்டி திறந்திருக்குமே, வெள்ளையாக எதற்கு வரவேண்டும். அதோடு செல்போன் அணைந்ததால் வேலை முடிந்த மாதிரி இருந்தது. இரண்டு தடவை கொடுத்திருக்கிறாள். ஒரு தடவை கொடுத்தால் பிழை இருக்குமோ என்று இரண்டாம் தடவை சுத்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறாள், அமலோற்பவம் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள்.

வேறு எதைச் சொல்லி மிரட்டியிருந்தாலும் அமுக்கியிருக்க மாட்டாள், அதுதான் அவளுக்கு ஆத்திரம். வங்கிக் கணக்கு முடங்கும் என்றிருந்தால் போடா என்றிருப்பாள். பரிசு விழுந்தது என்றிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பாள். பழைய மெயில்கள் அழியும் என்றான் பாவி, எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது, சும்மா ஊருக்கெல்லாம் அனுப்பிய வலை, அதில் சரியாக இவள் கால் மாட்டிக்கொண்டது. அந்தப் பெட்டியில்தானே எல்லாம் இருக்கிறது. நிச்சயம் முடிந்த பத்தாம் நாள் செபஸ்தியான் சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியராக ஏறிப் போனார். அப்புறம் கல்யாணத்துக்கு வந்தார், திரும்ப ஏறினார், மகள் பிறந்தபோது நடுக்கடலில் இருந்தார், பல் முளைத்தபோது வேறொரு கடலில் இருந்தார். இருபது வருஷக் குடும்பத்தில் முக்கால்வாசி மெயிலிலேயே நடந்தது. கப்பல் கரை தொட்டதும் ஊருக்குள் ஓடி ஏதாவது கணினிக் கடையைத் தேடிப் பிடித்து எழுதுவார். இவள் பீச் ரோட்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரில் தடுப்புப் பலகைக்குள் குனிந்து உட்கார்ந்து, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டிப் பதில் போடுவாள். ஒரு பிரெஞ்சுத் துறைமுகத்தில் விசைப்பலகையில் எழுத்துகள் இடம் மாறியிருந்தது தெரியாமல் அவர் அடித்த கடிதத்தில் ஏ வரவேண்டிய இடமெல்லாம் க்யூ. அமலா என்பதற்குப் பதிலாகவே என்னவோ வாயில் நுழையாத ஒரு பெயர். அவசரத்தில் திருத்த நேரமில்லை, அப்படியே அனுப்பிவிட்டார். அதைப் புரிந்து வாசிக்க அரைமணி ஆயிற்று, கடைக்காரன் கூடுதல் காசு கேட்டான், கொடுத்தாள், இன்றைக்கும் நினைத்தால் நியாயமான விலை. ஒன்றையும் அழித்ததில்லை. சண்டை போட்ட கடிதத்தைக்கூட அழித்ததில்லை. இவை இருப்பதே அவருக்குத் தெரியுமோ என்னவோ. அவருடைய பழைய கணக்கு எந்தக் காலத்திலோ மூடிப்போய், அவர் எழுதினதும் இவள் எழுதினதும் அவர் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டன. அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை, இவளும் பேசவில்லை. எப்போதாவது மத்தியானத்தில், அவர் தூங்கும்போது, இவள் ஒன்றிரண்டைத் திறந்து பார்ப்பாள். அவ்வளவுதான்.

இப்போது எவனோ ஒருவன் உள்ளே நுழைந்து அங்கே உட்கார்ந்திருப்பான். செருப்போடு நுழைந்திருப்பான். அவனுக்குத் தமிழ் தெரியுமா? தெரிந்தால் க்யூ கடிதத்தைப் படித்து முழிப்பான், முழிக்கட்டும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் குப்பை என்று நினைத்து அழித்துவிட்டுக் கடவுச்சொல்லை மாற்றிக் கதவைச் சாத்துவான், அதைத்தான் தாங்க முடியாது. இன்னொன்றும் செய்வான், செவ்வாய்க்கிழமை அதையும் சொன்னாள்: உங்க பேரில் உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் எழுதுவான். முதலாளிக்கு எழுதுவான். பங்குச் சாமியாருக்கு எழுதுவான். அமலோற்பவம் ஆபத்தில் இருக்கிறேன், உடனே உதவுங்கள் என்று கோயில் பாடகர் குழு முழுவதற்கும் எழுதுவான், ஆல்டோ குரலில் பாடும் பிரான்சிஸ்கா அக்கா உடனே ஜெபமாலையோடு கிளம்பிவிடுவாள். ஞானதுரைக்கும் எழுதுவான். ஞானதுரை அதைப் படித்து நாற்காலியில் சாய்ந்து, மேடம் அமுக்கிட்டாவளே என்று சொல்லும் சொல்லை அவளால் இங்கிருந்தே கேட்க முடிந்தது. எழுந்திரு. படுத்துக் கிடந்து யோசித்தால் அவன் காத்திருப்பானா. வகுப்பில் என்ன சொன்னாய், மாட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு உட்காராதே, அந்த நிமிஷமே கடவுச்சொல்லை மாற்று. வீட்டு மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, பக்கத்திலேயே செபஸ்தியான் இருக்கிறார். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அமுக்கினால் ரகசிய எண் அவருடைய செல்போனுக்குத்தான் வரும், எப்போதோ மெயிலில் கேட்டபோது அவர் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருந்தாள். தெய்வமே, அந்த அளவுக்கு மூளை இருந்திருக்கிறது. கழுத்தில் கட்டியிருந்த பச்சைத் துணியோடு எழுந்து வெளியே நடந்தாள்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் பெயர் இசக்கி. அமலோற்பவம் செல்போன் கேட்டுக் கைகாட்ட, அவள் பதறிப்போய், "வலிக்கா மேடம்?" என்றாள். வலியில்லை என்று சொல்லவந்தது 'அலியிங்ங' என்று வந்தது. அப்போதுதான் அமலோற்பவத்துக்குப் புரிந்தது, உதடு ஒட்டாமல் பிறக்காத எழுத்துகள் எல்லாம் இன்றைக்கு அவளுக்கு இல்லை என்று. ப இல்லை, ம இல்லை, வ பாதிதான், நாக்கும் பாதி மரத்ததில் மற்றவையும் தடுமாறின. அவள் பெயரிலேயே மூன்று எழுத்து காலி. இசக்கியின் போனில் எண்ணை அழுத்தினாள். மூன்றாம் மணியில் செபஸ்தியான் எடுத்தார்.

"எங்ங, ஆந்தான்," என்றாள் அமலோற்பவம்.

"யாரு?"

"ஆந்தான்! அஹலா! அஷரங். உடனே லேஹ்டாஹை தொறங்க. ஹாஷ்வேடை ஆத்தணுங்."

அந்தப் பக்கம் செபஸ்தியான் தொண்டையைச் செருமிக்கொண்டார். கப்பலில் எஞ்சின் அறையிலிருந்து மேலதிகாரியிடம் பேசும்போது அவருக்கு வரும் குரல் அது, இவளிடம் அந்தக் குரலில் அவர் பேசியதே இல்லை.

"தம்பி, யாரு எவருன்னு தெரியாது. குடிச்சிருக்கியா, இல்ல குரலை மாத்துதியா, அதுவும் தெரியாது. ஆனா ஆளு தப்பு. என் வீட்டுக்காரி இதுக்கு வகுப்பே எடுக்கா. தெரியாத நம்பர், அவசரம்னு ஒரு பேச்சு, பாஸ்வேர்டுன்னு ஒரு பேச்சு. மூணும் சேந்து வந்தா போனை வைக்கணும்னு சொல்லியிருக்கா. வைக்கேன்."

வைத்துவிட்டார். அமலோற்பவம் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்தது, நன்றாகவே வந்தது, ஆனால் அதற்கு அடியில் வேறொன்றும் கூடவே வந்தது. கேட்டிருக்கிறார் மனுஷன். மீன் ஆய்ந்துகொண்டே, செதிள் பறக்கப் பறக்க, ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். ஞானதுரை உட்பட ஒன்பது பேர் வடை தின்றுகொண்டு கேட்டதைவிட நன்றாகக் கேட்டிருக்கிறார். இசக்கி நிலைமையைப் புரிந்துகொண்டு தானே வாங்கி மறுபடி அழைத்தாள். "சார், நான் பல் ஆஸ்பத்திரிலேர்ந்து பேசுதேன், உங்க மேடம் இங்கதான் இருக்காவ, அவங்களுக்கு வாய் மரத்திருக்கு, அதான்..." என்று தொடங்க, அவர் சத்தம் போனுக்கு வெளியிலேயே கேட்டது: "ஆம்பிள போயி இப்ப பொம்பளப்புள்ளையா? கூட்டமாத்தான் கிளம்பியிருக்கிய. போலீசுக்குச் சொல்லட்டா?" அதுவும் அறுந்தது. காத்திருந்த ஒரு தாத்தா தன் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்ததில் வலித்து, வலியில் மறுபடி சிரித்தார். "ஏம்மா, வாங்கம்மா, மரத்துட்டு" என்று டாக்டர் கதவோரம் வந்து கூப்பிட்டார். போகாமல் இருக்க முடியுமா, ஊசி வீணாகும். வீட்டுக்கு ஓட முடியுமா, ஆட்டோ பிடித்துப் போவதற்குள் அவன் இன்னும் எத்தனை கடிதத்தை மிதிப்பானோ. இசக்கியிடம் கைகூப்பிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள்.

விளக்கு எரிந்தது. வாய்க்குள் பஞ்சு, உறிஞ்சும் குழாய், அதன் கர்புர் சத்தம். டாக்டர் சின்னச் சின்ன ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். ஒவ்வொன்றும் பல்லின் வேருக்குள் இறங்கும்போது வலி இல்லை, ஆனால் யாரோ வீட்டுக்குள் நடமாடுவது போன்ற ஓர் உணர்வு மட்டும் இருந்தது, மேலே மாடியில், பழைய பெட்டிகள் வைத்த அறையில். வேண்டாம், அங்கே போகாதே. வேறு நினை. அவர் இப்போது என்ன செய்வார்? முதலில் என் நம்பருக்கு அடிப்பார். அணைந்திருக்கும். அணைந்திருந்தால் பயப்படுவார், பாவம், எஞ்சின் சத்தம் நின்றால் பயந்து பயந்து பழகியவர், சத்தமில்லாமல் எது நின்றாலும் அவருக்கு ஆகாது. அப்புறம்? அந்த நம்பருக்கே திரும்ப அடிப்பாரா? அடிக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் வந்த நம்பருக்குத் திரும்ப அடிக்காதீங்க, உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச நம்பருக்கு நீங்களே அடிச்சுக் கேளுங்க. சொன்னேனா? ஒத்திகையில் சொன்னேனா? சொன்ன மாதிரி இருக்கிறது, அந்த இடத்தில் அவர் எழுந்து மீன் கழுவப் போனார், குழாய்ச் சத்தம் கேட்டது, கேட்டாரோ இல்லையோ. தெரிந்த நம்பர் அவரிடம் ஏது? போன தடவை எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. அதன் தலைப்பில் ஆஸ்பத்திரி நம்பர் அச்சாகியிருக்கும். பாருங்க, என்னங்க, ஃபிரிட்ஜ் பக்கம் போங்க. போன தடவை வலி மாத்திரையை நீங்கதானே வாங்கிட்டு வந்திய. ஒரு மனிதனை இவ்வளவு தூரத்திலிருந்து மனசாலேயே பிடித்துத் தள்ள முடியுமானால் அவள் தள்ளினாள், கடல் தாண்டித் தள்ளிப் பழக்கம் உள்ளவள்தானே. வாசல் பக்கம் மேசைத் தொலைபேசி மணியடித்தது.

"வணக்கம், பல் ஆஸ்பத்திரி... ஆமா சார்... அமலோற்பவமா? இருக்காவ சார், உள்ள சேர்ல இருக்காவ... ஆமா சார், வாய் மரத்துத்தான்... சத்தியமா சார்... அந்த நம்பர் என் நம்பர்தான் சார், மேடம் கேட்டாவ, குடுத்தேன்." பிறகு இசக்கி சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "பரவால்ல சார், நீங்க ஏசினது ஒண்ணும் எனக்கு வருத்தம் இல்ல."

சாய்நாற்காலியில் அமலோற்பவம் கையைக் காலை ஆட்டினாள். டாக்டர் அருள்நம்பி பதறி ஊசியை வெளியே எடுத்து, "வலிக்கா?" என்றார். அவள் காற்றில் எழுதிக் காட்டினாள். அவருக்கு என்னவென்று புரியவில்லையானாலும் நல்ல மனிதர், மருந்துச் சீட்டுக் கட்டையும் பேனாவையும் அவள் நெஞ்சின்மேல் வைத்தார். படுத்தபடியே எழுதினாள்: மெயிலில் திருடன். கடவுச்சொல் மறந்தது என்று அமுக்கவும். எண் உங்க செல்லுக்கு வரும். டாக்டர் அதை வாசித்துப் புருவத்தை உயர்த்தி, "நமக்கும் ஒண்ணு இப்படி வந்துச்சு" என்று முணுமுணுத்து, தானே கதவுவரை போய் இசக்கியிடம் கொடுத்தார். இசக்கி வரிவரியாகப் படித்துச் சொன்னாள், அந்தப் பக்கத்தில் நடப்பதைத் திரும்ப உரக்கச் சொன்னாள். "திறந்துட்டாராம் மேடம்... அமுக்கிட்டாராம்... எண் வந்துட்டாம்... என்ன சார்? யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கா? நான் கேக்கவே இல்லையே சார்!" காத்திருந்த தாத்தா மறுபடி வலிக்கச் சிரித்தார். பிறகு இசக்கியின் குரல் மாறியது. "மேடம், புதுசா வேற ஒரு இடத்திலேர்ந்து ஒருத்தன் உள்ள வந்திருக்கானாம். காட்டுதாம். ஊரு பேருகூட போட்டிருக்காம்." வந்திருக்கிறான். நினைப்பு இல்லை, பயம் இல்லை, நிஜமாகவே வந்திருக்கிறான். அமலோற்பவத்தின் கை வேகமாக எழுதியது: புதுக் கடவுச்சொல் போடுங்க. எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்று என்று இருக்கும், அதை அமுக்குங்க. செட்டிங்கில் வேறு யார் முகவரியாவது சேர்த்திருக்கானா பாருங்க. இசக்கி படித்தாள். காத்திருத்தல். உறிஞ்சு குழாய் வாய்க்குள் ஊளையிட்டது. "போட்டாச்சாம்... ஆளை வெளிய தள்ளியாச்சாம் மேடம்!... ஒரு முகவரி சேத்திருந்தானாம், உங்களுக்கு வர்றதெல்லாம் அவனுக்கும் போற மாதிரி. அதையும் எடுத்தாச்சாம். யாருக்கும் இன்னும் ஒண்ணும் அனுப்பலையாம்." முதலாளி தப்பித்தார், பங்குச் சாமியார் தப்பித்தார், பிரான்சிஸ்கா அக்காவின் ஜெபமாலை பையிலேயே இருக்கும். உடம்பு முழுவதும் நாற்காலியில் இளகி இறங்கியது. ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது, அதைக் கேட்கக் கை தயங்கியது. கேட்டால் இவ்வளவு காலம் வைத்திருந்தது தெரிந்துவிடும், தெரிந்தால் என்ன, புருஷன்தானே, இருந்தாலும். எழுதினாள்: பழைய கடிதங்கள் இருக்கிறதா?

இசக்கி கேட்டாள். பதில் வரவில்லை. "சார்?" என்றாள். மறுபடி, "சார், இருக்கியளா?" என்றாள். பிறகு தணிந்த குரலில் உள்ளே பார்த்துச் சொன்னாள், "லைன்லதான் இருக்காவ மேடம். மூச்சுச் சத்தம் கேக்கு. ஒண்ணும் பேசல." அழிந்துவிட்டதா. எவ்வளவு அழித்தான். க்யூ கடிதமுமா. விளக்கு கண்ணில் கரைந்து பெரிதாயிற்று, அவள் இமைகளை மூடிக்கொண்டாள், டாக்டர் பல்லை விட்டுவிட்டு அவரும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மனசு எல்லாத் துறைமுகத்துக்கும் போய்த் திரும்பியது. அப்புறம் இசக்கி சொன்னாள்: "இருக்காம் மேடம். எல்லாம் இருக்காம்." கொஞ்சம் நிறுத்தி, "படிச்சுக்கிட்டு இருந்தாவளாம்" என்றாள்.

மிச்ச வேலை எப்படி முடிந்தது என்றே அவளுக்கு நினைவில்லை. தற்காலிகமாக அடைத்திருக்கிறேன், அடுத்த புதன் வாங்க, இரண்டு மணி நேரத்துக்குச் சூடாக எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். திங்கட்கிழமை அலுவலகத்தில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்; ஞானதுரை கேட்பதற்கு முன் தானே சொல்ல வேண்டும், கண்ணாடி போடாமல் பார்த்ததையும், இரண்டு தடவை கொடுத்ததையும், அப்புறம் என்ன செய்தேன் என்பதையும். வடை வாங்கியே சொல்லலாம். சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சிரித்தது மறக்காது. வெளியே வந்து கைப்பையை எடுக்கும்போது இசக்கி, "புது பாஸ்வேர்டு என்னன்னு சார்கிட்ட கேட்டேன் மேடம், எழுதி வைக்கலாம்னு. போன்ல சொல்ல மாட்டேன்னுட்டாவ" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. செபஸ்தியான். வீட்டுச் சட்டையோடு, இரண்டு காலிலும் வேறுவேறு செருப்போடு, தலை வாராமல். இசக்கியைப் பார்த்து, "மன்னிச்சிரும்மா" என்று கும்பிட்டார். பிறகு அமலோற்பவத்தைப் பார்த்தார், ஒரு பக்கம் தொங்கிய அவள் உதட்டைப் பார்த்தார். நீண்ட பயணம் முடித்து இறங்கிவந்து துறைமுக வாசலில் அவளைத் தேடிப் பிடிக்கும்போது பார்க்கிற பார்வை, கப்பல் வேலையை விட்டுக் கரைக்கு வந்து இத்தனை வருஷத்தில் அது வரவில்லை, வரத் தேவையும் இருந்ததில்லை.

"எல்லாம் போச்சுன்னுல்லா நெனச்சிருந்தேன். என் பக்கத்துல அழிஞ்சப்பவே போச்சுன்னு விட்டுட்டேன்," என்றார். "நீ எழுதுனதையும்லா வச்சிருக்க. ஏளா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஏக்கல," என்றாள் அமலோற்பவம். நீங்க கேக்கல என்பதில் அவ்வளவுதான் வாயில் வந்தது.

"புதுசு என்னன்னு காதுல சொல்லுதேன், குனி" என்று அவர் பக்கத்தில் வந்தார். தாத்தா பார்த்துக்கொண்டிருந்தார், இசக்கி பார்த்துக்கொண்டிருந்தாள், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி அமலோற்பவம் தலையைச் சாய்த்தாள். ஒரே ஒரு சொல், பின்னால் இரண்டு எண். முதலில் அவளுக்கு விளங்கவில்லை, இது எதற்கு, இது ஒரு சாதாரணச் சொல்லாயிற்றே, சந்தையில் தினமும் நாலு பேர் கத்தும் சொல். அப்புறம் சட்டென்று பிரவுசிங் சென்டர் வந்தது, முதுகுக்குப் பின்னால் நடமாடிக்கொண்டே இருக்கும் அந்தக் கடைக்காரன் வந்தான், அவன் எட்டிப் பார்த்துவிடுவானோ என்று பயந்து, முத்தம் என்று எழுதக் கூசி, அந்த இடத்தில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி போட்டுவைத்த மாற்றுச் சொல் வந்தது. கடிதத்துக்குக் கடிதம், கடைசி வரியில், ஒரு தடவை கிலோக் கணக்கில்கூடப் போட்டிருந்தாள். சுத்தமாக மறந்துபோயிருந்தாள். முகம் சூடாயிற்று, மரத்த பாதியும் சேர்ந்து சூடாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது, சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்து ஒட்டாத உதட்டில் காற்றாகப் போயிற்று.

"என்ன மேடம் சொன்னாவ?" என்று இசக்கி ஆவலை அடக்க முடியாமல் கேட்டாள்.

அமலோற்பவம் செபஸ்தியானின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். செவ்வாய்க்கிழமைக் கண்டிப்பை எல்லாம் வரவழைத்துத் திரும்பிப் பார்த்து, "யாருக்குங் ஷொல்லக் கூடாது," என்றாள்.